மூடியைத் திறக்காமல் எழுதிய இரண்டு வரிகள்

அக்டோபர் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு நிலச் சங்கத்தின் பரிசோதகர் ஒரு பழைய டிராக்டரின் செல்ஃப் ஸ்டார்ட்டரை மூன்று முறை சுழற்றிப் பார்த்தார். இயந்திரம் சுற்றியது, உயிர் பெறவில்லை. அவர் பானட்டைத் திறக்கவில்லை. டீசல் தொட்டியின் மூடியைத் தொடவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே இரண்டு வரி எழுதி, ஒரு படியைக் கொட்டகைக் கதவில் ஆணியால் அறைந்தார். மற்றொன்றைச் சங்க அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் மாட்டினார். குறை இதுதான்.

முதல் வரி: "இவ்வியந்திரம் இயங்கத் தகுதியற்றது எனக் கருதப்படுகிறது." இரண்டாவது வரி: "உரிமையாளருக்கு இயந்திரத்தைப் பராமரிக்கும் அறிவு இல்லை எனவும் கருதப்படுகிறது." கருதியவர் யார் என்பது இரு வரிகளிலும் இல்லை.

அந்த இரண்டாவது வரியில் குறிப்பிடப்பட்ட உரிமையாளரை ஊரார் டிராக்டர்க்காரி என்பார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர். பன்னிரண்டு ஆண்டுகள் அவள் ஓட்டி ஓட்டியே அதிலிருந்த கேலி தேய்ந்துபோயிற்று. எண்ணெய் மாற்றுவது முதல் பெல்ட் இழுத்துக் கட்டுவது வரை அவள் கையாலேயே செய்வாள். சங்கத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்த நான்கு ஏக்கர் தாழ்வயல்தான் அந்த வீட்டின் சோறு. ஓடுகின்ற சொந்த டிராக்டர் வைத்திருப்பவர்க்கே தாழ்வயல் என்பது சங்கத்தின் விதி. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வண்டி தன் சக்தியில் ஓடிவந்து சங்கத்து முற்றத்தில் நிற்க வேண்டும். தவறினால் வயல், பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போகும். வரும் திங்கட்கிழமை மதகு திறப்பார்கள். அதன்பின் பேசிப் பயனில்லை.

"என்னடி எழுதியிருக்கான்?" என்று முன்னறை ஜன்னலுக்குள்ளிருந்து கணவன் கத்தினான். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஐந்து வாரங்களுக்கு முன் கொட்டகைக் கூரையில் ஒழுகிய ஓட்டையை அடைக்க ஏறியவன், ஓட்டையை அடைக்காமலே இறங்கிவிட்டான். ஏணியின் உதவியும் இல்லாமல்.

அவள் படித்துக் காட்டினாள்.

"ரெண்டாவது வரியை இன்னொரு தடவை படி."

"எதுக்கு? மனப்பாடம் பண்ணவா?"

"அறிவு இல்லைன்னா எழுதியிருக்கான்? வண்டியைப் பத்தி உனக்கா?"

"எனக்குத்தான். உங்களைப் பத்தி எழுதியிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். கூரையில ஏறத் தெரியாதவர்னு."

சிரித்தாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் காகிதத்தைக் கிழிக்கவில்லை. மேலும் ஓர் ஆணி எடுத்து, காற்றில் படபடத்த அதன் கீழ்முனையையும் சேர்த்து அறைந்தாள். "இருக்கட்டும். அவரு கையாலயே கோடு போட்டு அடிக்கட்டும்" என்றாள்.

புதன்கிழமை விடியலிலேயே நாத்தனார் வந்துவிட்டாள். தையற்காரி. சட்டையின் முன்புறத்தில் எப்போதும் இரண்டு ஊசிகள் குத்தியிருக்கும். வாயிலும் ஓர் ஊசி இருக்கிறதோ என்று ஊரில் ஐயம் உண்டு. அந்த டிராக்டர், அண்ணன் திருமணத்துக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்கு வந்தது. ஆகவே அதை அவள் 'மூத்தவள்' என்பாள்.

"என்ன அண்ணி, மூத்தவ முறைச்சுக்கிட்டாளாமே?"

"அவ முறைச்சா சமாதானம் பண்ணிடுவேன். ஊரு முறைக்குது. ஏறி உக்காரு. நான் சொல்றப்போ சாவியைத் திருப்பு, நிறுத்துன்னா நிறுத்து. செல்ஃபைச் சுட்டுடாதே."

இரண்டு நாள் முன் பெய்த மழையின் ஈரம் முற்றத்து மண்ணில் இன்னும் இருந்தது. சிவப்பு நிறம் வெளுத்துச் செங்கல் பொடியாகிவிட்ட அந்த வண்டி, கொட்டகை வாசலில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக நின்றது. அங்கே அதை யாரும் நிறுத்தவில்லை. திங்கட்கிழமை தொட்டி நிறைய டீசல் ஊற்றி, பரிசோதகர் கண்ணுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று வெளியே எடுத்துக் கழுவிவிட்டு, மழை வந்ததால் மீண்டும் உள்ளே விட்டபோது அது அங்கே தானாக நின்றுவிட்டது. நிற்க வேண்டிய இடத்துக்கு அருகில்தானே நின்றது என்று அவளும் விட்டுவிட்டாள்.

"திருப்பு."

செல்ஃப் சுற்றியது. உறுதியாக, தடையில்லாமல் சுற்றியது. அவள் சைலன்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து. புகை வந்துதா?"

"ஒண்ணும் வரல அண்ணி."

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "பேட்டரி நல்லா இருக்கு. சத்தம் கேட்டாலே தெரியுது. வெள்ளைப் புகையாவது வரணும். புகையே இல்லைன்னா டீசல் போகல. நிறுத்துற கம்பியைப் பாரு!"

"பாத்தாச்சு. உள்ளதான் தள்ளியிருக்கு."

"தொட்டிக்குக் கீழ குழாய்?"

"தொறந்திருக்கு."

"டீசல்?"

"திங்கக்கிழமை நானே ஊத்தினேன், கழுத்து வரைக்கும்."

"ஊத்தினதெல்லாம் இருக்குன்னு அர்த்தமா? தொறந்து பாரு! ராத்திரி எவனாவது உறிஞ்சிட்டுப் போயிருந்தா?"

அவள் தொட்டியின் மூடியைத் திருகித் திறந்தாள். சிறியதாக ஒரு சீறல் கேட்டது. அதே நேரத்தில் கணவன், "இருக்கா? இருக்கான்னு கேக்கறேன்ல?" என்று கத்தியதால் அந்தச் சீறல் அவள் காதோடு போயிற்று, கருத்துக்கு வரவில்லை. டீசல் தளும்பியது. மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு ஃபில்டர் பக்கம் குனிந்தாள்.

ஃபில்டரை மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதன் தலையிலிருந்த சிறு திருகாணியைத் தளர்த்தி, கைப்பம்பின் நெம்புகோலை விரலால் அழுத்தினாள். முதலில் நுரை வந்தது. சோப்புத் தண்ணீர் போல வெளுத்த, குமிழ் குமிழான நுரை. நாற்பது முறை, ஐம்பது முறை அழுத்தினாள், கட்டைவிரல் மரத்துப்போயிற்று. குமிழிகள் அருகி, நிறமுள்ள தெளிந்த டீசல் நூல் பிடித்தாற்போல வந்தது. திருகாணியை இறுக்கினாள். பெரிய பம்பின் பக்கவாட்டுத் திருகாணியையும் அவ்வாறே தளர்த்திக் காற்றை வெளியேற்றினாள். மணிக்கட்டு வரை டீசல் வழிந்தது.

"ஏர் புடிச்சிருக்கு. அவ்வளவுதான். திருப்பு."

இரண்டாம் சுற்றில் வெள்ளைப் புகை. நான்காம் சுற்றில் ஓர் இருமல். பிறகு முற்றமே அதிர, இயந்திரம் உயிர் பெற்றது. நாத்தனார் இருக்கையில் உட்கார்ந்தபடியே கைதட்டினாள். ஜன்னல் கம்பியில் கணவன் தட்டிய தட்டு, தாளம் தப்பாமல் கேட்டது.

எதிலும் ஒழுங்கு தவறாதவள் டிராக்டர்க்காரி. ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். சிந்திய டீசல் மீது மண் தூவினாள். தொட்டியின் மூடியை உள்ளங்கை சிவக்க இறுக்கி மூடினாள்.

ஆறு நிமிடம் ஓடியது. பிறகு குரல் தாழ்ந்தது, ஏறியது, தாழ்ந்தது, நின்றது.

மறுபடி திருப்பினார்கள். சுற்றியது; புகை இல்லை. திருகாணியைத் தளர்த்தி நெம்பை அழுத்தினாள். இம்முறை நுரைகூட வரவில்லை. நெம்பு வறட்டு வறட்டென்று அடித்துக்கொண்டது.

பதினொரு மணிக்கு மெக்கானிக் வந்தார். காதில் பென்சில் செருகியவர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நெம்பை இரண்டு முறை அழுத்தினார். உதட்டைப் பிதுக்கினார்.

"பம்ப் போச்சும்மா. கழட்டி வெளியூருக்கு அனுப்பணும். பத்து நாள் ஆகும்."

"பம்ப் போயிருந்தா ஆறு நிமிஷம் எப்படிங்க ஓடிச்சு?"

"சாகப்போறவங்க கடைசியா ஒரு தடவை கண்ணைத் தொறந்து பாப்பாங்கல்ல? அது மாதிரி."

"இவ கண்ணைத் தொறந்தா அவ்வளவு சீக்கிரம் மூடமாட்டா" என்றாள் நாத்தனார்.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். இந்த மாடலுக்கெல்லாம் இப்போ சாமான் கிடைக்கிறதே பெரும்பாடு. அந்தப் பரிசோதகர் எழுதினது சரிதாம்மா. வயலைக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க."

"எந்த வரி சரி?"

மெக்கானிக் அறிவிப்பை அப்போதுதான் முழுமையாகப் படித்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுகாதில் செருகினார். "முதல் வரியைச் சொன்னேன்" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டடி பின்வாங்கிப் புறப்பட்டுப் போனார்.

நண்பகல் ஆயிற்று. வேகவைத்த உருளைக்கிழங்கும் உப்பும் தேநீரும் முன்னறைக்குக் கொண்டுபோய், மூவரும் கணவனின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து உண்டார்கள். டிராக்டர்க்காரியின் கையில் எவ்வளவு தேய்த்தும் போகாத டீசல் மணம் கிழங்கிலும் ஏறியிருந்தது. நான்கு ஏக்கர், ஐந்து மணி, பத்து நாள் என்று அவள் மனம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, அந்த செல்ஃபைப் போலவே.

கணவனுக்குக் கிழங்கு தொண்டையில் அடைத்தது. படுத்தபடி குடிப்பதற்காக நாத்தனார் செய்து கொடுத்த ஏற்பாடு ஒன்று இருந்தது: பிளாஸ்டிக் பாட்டில், அதன் மூடியில் ஊசியைக் காய்ச்சி ஓர் ஓட்டை, ஓட்டையில் இறுக்கமாக ஒரு குழாய். உறிஞ்சினான். பாட்டிலின் விலா இரு பக்கமும் ஒட்டிப்போயிற்று. மேலும் உறிஞ்சினான். கண் பிதுங்கியதே தவிரத் தண்ணீர் வரவில்லை.

"விடுண்ணா, வாயை எடு! காத்து உள்ள போகட்டும். காத்து போனாத்தானே தண்ணி வரும்? எத்தனை தடவை சொல்றது?"

அவன் வாயை எடுத்தான். பாட்டில் சீறிக்கொண்டு, படக்கென்று விரிந்தது.

டிராக்டர்க்காரியின் கையிலிருந்த கிழங்கு தட்டில் விழுந்தது. "இந்தச் சத்தம்" என்றாள். எழுந்து ஓடினாள்.

மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று நீளமாக, தாகத்தோடு, தொட்டி காற்றை உள்ளே இழுத்தது. ஜன்னல் வரை கேட்டது. மூடியைப் புரட்டி வெயிலில் பிடித்தாள். நடுவில் காற்றோட்டத்துக்கென்று ஒரு பொடி ஓட்டை இருக்கும். மிளகில் பாதிகூட இராது. அந்த ஓட்டை இருந்த இடத்தில் வெள்ளையாக, வழவழப்பாக, மிக நேர்த்தியாக மெழுகு படிந்திருந்தது.

அந்த நேர்த்தி யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

கணவன் விழுந்த வாரத்தில் விடாத மழை. கூரை ஓட்டை சரியாக டீசல் தொட்டிக்கு மேலே. போன ஆண்டு இப்படித்தான் மூடி வழியே தண்ணீர் இறங்கி டீசல் முழுவதும் பாழாயிற்று. இம்முறை ஒரு துளி இறங்கக்கூடாது என்று, மெழுகுவத்தியைக் கொளுத்தி, கை நடுங்காமல் மூடியின் ஓட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டு, விரலால் தடவிச் சமன் செய்தவள் அவள்தான். மழைநீர் நின்றது, மூச்சும் நின்றது. அதன்பின் திங்கட்கிழமை வரை வண்டியை எடுக்க வேலை வரவில்லை. தொட்டி நிறைய டீசல் ஊற்றியதால் உள்ளே இருந்த காற்றும் கொஞ்சம். அதனால்தான் அவ்வளவு விரைவில் திணறியது.

ஜன்னலருகே போய் மூடியைக் காட்டினாள். "நான்தான்" என்றாள்.

அவன் மூடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தன் மாவுக்கட்டைப் பார்த்தான். "கூரை ஓட்டையை அடைக்கப்போய் நான் காலை உடைச்சேன். நீ மூடி ஓட்டையை அடைச்சு அவ மூச்சைப் புடிச்சுட்ட. நல்ல குடும்பம்! அந்த மெக்கானிக் வேற சாகாத பம்புக்குக் காரியம் பண்ணிட்டுப் போயிருக்கான்."

"சிரிக்காதீங்க."

"அழுதா கட்டு நனையும்டி."

நாத்தனார் சட்டையிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தாள். டிராக்டர்க்காரி மெழுகைத் துருவி எடுத்து, ஓட்டையில் வாய் வைத்து ஊதினாள். காற்று மறுபக்கம் போயிற்று; நாக்கில் டீசல் கசந்தது. மூடியை இறுக்கி, அதன் மேல் ஒரு பழைய தகர டப்பாவைத் தொப்பி போலக் கவிழ்த்துக் கம்பியால் கட்டினாள். மழை இறங்காது; பக்கவாட்டில் காற்று போகும். முன்பே செய்திருக்க வேண்டியது இதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

மறுபடி நெம்பு, நுரை, தெளிந்த டீசல். மூன்றாம் சுற்றில் பிடித்தது. பத்து நிமிடம் ஓடியது. அரைமணி ஓடியது. குரல் ஒரே சீராக இருந்தது. "போ! மணி மூணரை ஆகுது!" என்றது ஜன்னல்.

சங்கத்து முற்றம் மூன்று கல் தொலைவு. நாத்தனார் சக்கரக் காப்பின் மேல் உட்கார்ந்து வந்தாள். பாலம் தாண்டியதும் காதருகே குனிந்து கத்தினாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அங்க போய் மெழுகைப் பத்தி வாயைத் தொறக்காதீங்க. மெக்கானிக் வந்தாரு, சரி பண்ணாருன்னு சொல்லிடுங்க. நானும் ஆமான்னு தலையாட்டறேன்."

"பொய்யா?"

"பொய் இல்ல. சின்ன மடிப்பு. துணி கிழிஞ்ச இடத்தை உள்பக்கமா மடிச்சுத் தைக்கறதில்லையா?"

"என் பேருக்கு நேரா அறிவு இல்லைன்னு எழுதியிருக்கு. அதைப் போய்ப் பொய் சொல்லியா அழிக்கச் சொல்றே? பேசாம உக்காரு, பள்ளம் வருது."

நான்கு மணிக்கு டிராக்டர் முற்றத்தில் நுழைந்தது. பட்டியலைப் பார்க்க வந்திருந்த பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அலுவலகக் கதவருகே பரிசோதகர் தேநீர்க் குவளையோடு நின்றார். கண்ணாடியிட்ட அறிவிப்புப் பலகை அவர் தோளுக்கு மேலே இருந்தது.

"அட, ஓடுதே! யாரு சரி பண்ணாங்க? மெக்கானிக் பேரு எழுதணும்."

"நான்தான்."

"நீங்களா? சரி, என்ன கோளாறு?"

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தொட்டி மூடியில காத்து ஓட்டை இருக்குங்க. மழைத்தண்ணி இறங்காம இருக்க மெழுகு வச்சு அடைச்சேன். காத்துப் போகல, அதனால டீசல் வரல."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பரிசோதகர் குவளையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "அப்போ ரெண்டாவது வரி சரியாத்தானேம்மா எழுதியிருக்கேன்?"

"இல்லைங்க. அடைச்சது நான், அது தப்பு. கண்டுபுடிச்சதும் நான், எடுத்ததும் நான். மூணையும் எழுதுங்க. நேத்து அந்த மூடியைத் தொறந்தே பாக்காம எழுதினது யாருன்னு, அதையும் சேர்த்து எழுதுங்க."

சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இங்க பாருங்க, வண்டியை எவனாவது தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணி, நிறுத்தாம ஓட்டிட்டு வந்திருக்கலாம். நிறுத்தினா மறுபடி பிடிக்கும்னு என்ன நிச்சயம்?"

நிறுத்தும் கம்பியை இழுத்தாள். இயந்திரம் நின்றது. சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறும் ஒலி மட்டும் கேட்டது. மூன்று கல் ஓடிவந்த வண்டி. எங்காவது ஒரு குமிழி மீதமிருந்தால் நான்கு ஏக்கரும் போயிற்று. அவள் கிளட்சின் மேல் காலை ஊன்றிக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க, எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிடம் நின்றார்கள். கம்பியை உள்ளே தள்ளினாள். சாவியைத் திருப்பினாள். ஒரு சுற்று. இரண்டாம் சுற்றில் மூத்தவள் குரலெடுத்தாள்.

நிறுத்தினாள், திருப்பினாள், பிடித்தது. மறுபடி நிறுத்தினாள், திருப்பினாள், பிடித்தது.

"இன்னும் எத்தனை தடவை வேணும், சொல்லுங்க. டீசல் கழுத்து வரைக்கும் இருக்கு."

"போதும், போதும்" என்றவர் பரிசோதகர் அல்லர், முதலில் சிரித்தவர்.

பரிசோதகர் கண்ணாடிக் கதவைத் திறந்து, பேனாவால் முதல் வரியை அடித்தார். பட்டியலில் தாழ்வயலுக்கு நேரே குறியிட்டார். கதவை மூடப்போனார்.

"ரெண்டாவது வரி?"

"அது செயற்குழுவுல பரிசீலிக்கப்படும்."

"எழுதும்போது குழுவைக் கேட்டீங்களா?"

அவர் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே போனார். "வயல் நமக்கே நின்னுடுச்சுல்ல அண்ணி, வாங்க" என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள். டிராக்டர்க்காரி அசையவில்லை. பலகையின் முன் நின்று அந்த வரியை முழுவதும் ஒருமுறை உரக்கப் படித்தாள். "நான் வாரம் ஒரு நாள் வருவேன். வண்டியிலதான் வருவேன்" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள். பிறகுதான் ஏறினாள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் உழுதாள். திங்கட்கிழமை மதகு திறந்தபோது தாழ்வயல் புரட்டிய மண்ணோடு தண்ணீருக்குக் காத்திருந்தது. சொன்னபடி ஒவ்வொரு புதன்கிழமையும் தகரத் தொப்பியணிந்த அந்த வண்டி சங்கத்து முற்றத்துக்குப் போகிறது, நிற்கிறது, மீண்டும் கிளம்புகிறது. வரி அங்கேயே இருக்கிறது, கண்ணாடிக்குப் பின்னால், பூட்டோடு. பரிசீலனை நடைபெறுவதாகச் சொல்லப்படுகிறது.

இதைப் படித்த நீங்கள் இரக்கப்பட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். அவளுக்கு இரக்கம் தேவையில்லை. உங்கள் ஊரிலும் ஓர் அலுவலகம் உண்டு. அதன் சுவரிலும் ஒரு கண்ணாடிப் பலகை உண்டு. அதில் யாரோ ஒருவரைப் பற்றி, யாரோ ஒருவரால் 'கருதப்பட்ட' ஒரு வரி இருக்கும். நாளைக் காலை அங்கே போங்கள். அதை எழுதியவரின் மேசைக்கு எதிரே உட்காருங்கள். "மூடியைத் திறந்து பார்த்தீரா?" என்று கேளுங்கள். விடை வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.